அநாதைப் பணம்

தென் மாவட்டக் கிராமங்களில் முதியோர் உதவித்தொகைக்கு இன்னொரு பெயர் உண்டு: அநாதைப் பணம். எந்த அரசாணையிலும் அந்தப் பெயர் கிடையாது. “அநாதப் பணம் வந்துருச்சா?” என்று ஒரு பாட்டி இன்னொரு பாட்டியைச் சாதாரணமாகக் கேட்பார். கேட்கிறவருக்கு மூன்று மகன்கள் இருப்பார்கள். பதில் சொல்கிறவரின் மகள் பக்கத்துத் தெருவிலேயே குடியிருப்பாள். சொல்லில் இருந்த கசப்பு புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டது. ரேஷன், கரண்டு பில் மாதிரி அதுவும் ஒரு பெயர்.

பெயர் வந்த வழியைத் தேடிப் போனால் 1962க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் திட்டம் தொடங்கியது. ஆதரவற்ற முதியவர்களுக்கான திட்டம் அது. வயதாகிவிட்டது என்பது மட்டும் போதாது, யாருமில்லை என்பதும் உறுதியாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று மனு ஏறிப்போன படிகளில் எல்லாம் முதல் கேள்வி “மகன் இருக்கானா?” என்பதுதான். இருந்தும் சோறு போடாத மகன் என்றால் அவன் இருப்பதை மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் சோறு போடவில்லை என்று ஊரறியச் சொல்ல வேண்டும். பெற்றவள் இரண்டாவதைச் செய்யமாட்டாள். விதிகள் பிற்பாடு தளர்ந்தன. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

முதியோரை நாம் மதிப்பதில்லை என்று மேடைதோறும் புலம்புகிறார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. மரியாதைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் முதலில் வரும். காலில் விழுந்து விபூதி வாங்குகிறோம். அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறோம். ஜூன் 15 வந்தால் அலுவலகங்களில் முதியோர் கொடுமைக்கு எதிராக உறுதிமொழிகூட எடுக்கிறோம். இல்லாதது வேறு. முதுமையை வாழ்க்கையின் ஒரு பருவமாகக் கண்டு, அதற்கென்று பணம், மருத்துவம், இடம், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றை எடுத்து வைக்கும் பழக்கம் நமக்கு இல்லை. முதுமை என்றால் குடும்பத்தின் உள்விவகாரம். குடும்பம் கைவிட்ட பிறகுதான் அது பொதுவிவகாரம். அதனால்தான் அரசு கொடுக்கும் பணத்துக்கு அப்படியொரு பெயர்.

இந்த ஏற்பாடு ஒரு காலத்தில் ஓரளவு ஓடியது, முதியவர்கள் குறைவாகவும் பிள்ளைகள் நிறையவும் இருந்த காலத்தில். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2031இல் இது 18.2 விழுக்காடாக இருக்கும் என்பது அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 65 வயதைத் தாண்டியோர் 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடு ஆவதற்குப் பிரான்சுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த அவகாசத்தில் அவர்கள் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பராமரிப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டார்கள். நமக்கு அந்த அவகாசம் இல்லை.

ஏன் இவ்வளவு வேகம்? ஆயுள் கூடியது ஒரு காரணம். பெரிய காரணம், பிள்ளைப்பேறு குறைந்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்ற எல்லைக்குத் தமிழ்நாடு 1990களிலேயே வந்துவிட்டது; 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் அது 1.4. பேருந்து நிலையச் சுவர்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிவப்பு முக்கோணம் வரைந்து, ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று எழுதியிருந்த காலத்தை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1975இல் அந்தச் சுவரைப் பார்த்து, நர்ஸம்மா பேச்சைக் கேட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஆபரேஷன் செய்துகொண்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு 2025இல் எழுபத்தைந்து வயது. ஒரு பிள்ளை திருப்பூரில், இன்னொன்று பெங்களூரிலோ துபாயிலோ. அரசு சொன்னதைக் கேட்டு நடந்தவள் அவள். இப்போது அதே அரசு, “உன் பிள்ளைகள் உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது” என்கிறது. இதில் இருக்கும் கடன் யாருடையது என்று நம் கொள்கைப் பேச்சில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தைச் சற்று நின்று பார்க்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம், 2007. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியர் முன் மனுப் போடலாம். அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். முதியவரைப் பராமரிக்க வேண்டியவரே அவரை எங்காவது கொண்டுபோய்க் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பிள்ளைகள்’ என்று சட்டம் குறிப்பது மகன், மகள், பேரன், பேத்தியை. மூத்திரத் துணி மாற்றுவதும் கஞ்சி ஊட்டுவதும் பெரும்பாலான வீடுகளில் மருமகள். சட்டம் ஆளைக் குறிக்கும் இடத்தில் அவள் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் அவள் மட்டும்தான் இருக்கிறாள்.

இந்தச் சட்டத்தில் உயிருள்ள பகுதி 23ஆம் பிரிவு. தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் வாசலில் ஒரு முற்பகல் உட்கார்ந்தால் அதன் தேவை புரிந்துவிடும். ஆட்டோவில் அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வருவார்கள். புது வேட்டி, புதுச் சேலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இளநீரோ ஜூஸோ வாங்கிக் கொடுப்பார்கள். பத்திர எழுத்தர் தானசெட்டில்மெண்ட் பத்திரத்தைப் படித்துக் காட்டுவார். அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுப்பதாக அதில் ஒரு வரி இருக்கும். ரேகை வைத்து, போட்டோ பிடித்ததும் வேலை முடிந்தது. அதே வீட்டுக்கு உயில் எழுதியிருந்தால், மனம் மாறும்போதெல்லாம் மாற்றி எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை சொத்து எழுதியவருடையது. செட்டில்மெண்ட் அப்படியில்லை, ரேகை காய்வதற்குள் சொத்து கைமாறிவிடுகிறது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தாள் கட்டணமும் குறைவு. ஆகையால் பிள்ளைகள் விரும்புவது செட்டில்மெண்ட்டைத்தான். விஷயம் தெரிந்த பத்திர எழுத்தர் தனியாகக் கூப்பிட்டு, “வாழ்நாள் அனுபவ உரிமைன்னு ஒரு வரி போட்டுக்கலாமா ஐயா?” என்று கேட்பதுண்டு. பெரியவர் மகனைப் பார்ப்பார். மகன் தரையைப் பார்ப்பான். “அதெல்லாம் எதுக்கு, எம்புள்ளதானே” என்று பெரியவரே சொல்லிவிடுவார்.

பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம் என்கிறது 23ஆம் பிரிவு. நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால்? அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு சொன்னது. 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு, முதியவர்களுக்கு உதவவே வந்த சட்டத்தை அவ்வளவு இறுக்கிப் பிடித்துப் படிக்கக் கூடாது என்ற பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பினால் எழுதித் தருகிறேன் என்று இருந்தாலே அதற்குள் பராமரிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. பத்திர எழுத்தர் யோசிக்காமல் தட்டச்சு செய்யும் அந்தச் சடங்கு வரிக்கு நீதிமன்றம் உயிர் கொடுத்துவிட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறும் தாய் தந்தையர் ஏறாதவர்களைவிட எத்தனை குறைவு என்பதை அந்த அலுவலகத்தைச் சுற்றி இருப்பவர்கள் அறிவார்கள். இந்தப் பிரிவு பயன்பட வேண்டுமானால் முதலில் பெரியவரிடம் எழுதிக் கொடுக்க ஒரு வீடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. கூலிக்குப் போனவளிடம் ரத்து செய்ய எந்தப் பத்திரமும் இல்லை.

மதிப்பு கையில் இருப்பதைப் பொறுத்தது என்பது புதிய சீரழிவு என்று சொல்ல முடியாது. நம் பழைய கதைகளே கள்ளமில்லாமல் அதைச் சொல்கின்றன. கரிகாலன் சிறுவயதில் அரசனானபோது, வழக்குக் கொண்டுவந்த முதியவர்கள் அவன் இளமையைப் பார்த்துத் தயங்கினார்களாம். அவன் உள்ளே போய் நரைமுடி வேடம் தரித்து வந்து தீர்ப்புச் சொன்னானாம். நரைக்கு இருந்த அதிகாரத்தைச் சொல்லும் கதை என்றுதான் இதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நரைக்கு உள்ளே சோழ அரசன் இருந்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவர் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை; பாடலில் வரும் பூண் போட்ட ஊன்றுகோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை, இருமலுக்கு இடையே சொற்களைத் தேடும் கிழவர் நினைத்துப் பார்க்கும் பாட்டு அது. ஆளின் பெயர் போய்த் தடியின் பெயர் நின்றது. முதுமையில் நேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான விபத்தை இலக்கிய வரலாறு வேறெங்கும் செய்ததில்லை.

பிசிராந்தையார் வேறு மாதிரி. வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் மூலிகை இல்லை, மருந்து இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று மனிதர்களாகவே அடுக்குகிறார். முதுமை உடம்புக்குள் மட்டும் நடப்பதில்லை, சுற்றியிருப்பவர்களைப் பொறுத்தும் நடக்கிறது என்பதை இன்றைய பொதுச் சுகாதாரத் துறை வேறு சொற்களில் சொல்கிறது.

கையில் ஒன்றும் இல்லாமல், சுற்றியிருப்பவர்களுக்கும் வழியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெயர் இருக்கிறது: தலைக்கூத்தல். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை எண்ணெய்க் குளியலாட்டி அனுப்பிவைக்கும் வழக்கம். 2010இல் செய்திகள் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் அதிர்ந்தார்கள். பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கிய ‘பாரம்’ இதைப் பற்றித்தான், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. இது கொலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொடூரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வசதியான வேலை. தினக்கூலி வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் இன்னொருவர் வேலைக்குப் போக முடியாது. ஒரு கூலி போகும், மருந்துச் செலவு ஏறும். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கேரளத்திலும் ஏழைகள் இருந்தார்கள், படுக்கையில் விழுந்தார்கள். அங்கே 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சிகிச்சைக்கு ஓர் இயக்கம் தொடங்கி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் வீடுவீடாகப் போனார்கள். 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. வாரம் ஒரு தடவை படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைக்க ஓர் ஆள் வாசல்படி ஏறி வந்தால் ஒரு வீட்டின் மனநிலை எவ்வளவு மாறும் என்பது நோயாளி இருந்த வீட்டாருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நம் பக்கத்தில் அந்தத் திசையில் எடுத்துவைத்த உருப்படியான அடி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருகிறது. வலிதணிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் சேர்ந்திருக்கின்றன.

முதுமை மருத்துவத்தில் நாம் முன்னோடிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு கண்டவர் டாக்டர் வ.செ. நடராஜன். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மருத்துவமனை திறந்தார்கள். இருந்தும் இன்றுவரை முதியவர்களுக்கு அதிகம் எழுதப்படும் நோய்க்குறிப்பு “வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்பதே. காது கேட்காவிட்டாலும் அதுதான், தூக்கம் வராவிட்டாலும் அதுதான், சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டெடுத்து வைத்தாலும் அதுதான். அறுபதைத் தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. நம் வீடுகளில் அதற்குப் பெயர் “பெருசு அழும்பு பண்ணுது”.

மறுபக்கத்தில் மதுரை இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணியிருந்தன. 1976இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. புரை என்பது பெரும்பாலும் வயதானவர்களின் நோய். ‘கண்ணு போயிருச்சு’ என்று மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்களைப் பேருந்து வைத்து முகாமுக்கு அழைத்து வந்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண் கிடைத்ததும் அந்தப் பாட்டி என்ன செய்தாள்? களை எடுக்கப் போனாள், பூக் கட்டினாள், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். வெங்கடசாமி பிறந்தது 1918 அக்டோபர் 1. உலகம் பிற்பாடு முதியோர் தினத்துக்குத் தேர்ந்துகொண்டதும் அதே நாளை. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதியவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்ற எண்ணமே பொய்க்கணக்கு. நாட்டில் அறுபதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். சென்னை அடுக்ககங்களில் நாற்காலி போட்டு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டியின் வயதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிப்பவர்களின் தலைமுடியைப் பாருங்கள். திருப்பூரில் மகள் கம்பெனிக்குப் போக முடிகிறதென்றால் ஊரிலிருந்து வந்த அம்மா பேரனை வைத்திருக்கிறாள் என்று பொருள். அந்த வேலைக்கு மாதச் சம்பளத்தில் ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று மகளுக்குத் தெரியும். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறாது.

பணத்தின் பக்கம் கணக்கு இப்படி. 2011இல் தமிழ்நாட்டில் உதவித்தொகை 500இலிருந்து 1,000 ஆனது, 2023இல் 1,200. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்கள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் பேர். ஒன்றிய அரசின் பங்கு அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை மாதம் 200 ரூபாய்; பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த இருநூறு நகரவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்திய ரயில் கட்டணச் சலுகை, தொற்று போனபின்பும் திரும்பவில்லை. முதியவர்கள் பயணம் போவார்கள் என்ற நினைப்பே எங்கோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது. 2023இல் இன்னொன்றும் நடந்தது. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். யோசித்து வைத்த பெயர். வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பெயர். ஐம்பது வருடம் அதே வேலையைச் செய்து முடித்த பாட்டிக்குக் கிடைப்பது மட்டும் இன்னமும் ‘உதவித்தொகை’.

2025 ஆகஸ்டில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பெயர் ‘தாயுமானவர்’. வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்குத் தாயின் உருவில் வந்து நின்ற திருச்சி மலைக்கோட்டைச் சாமியின் பெயர். அநாதைப் பணத்திலிருந்து அறுபத்து மூன்று வருடத்தில் பெயர் வெகுதூரம் வந்துவிட்டது. தேவையான திட்டம்தான். ரேஷன் கடை வரிசையில் நின்று, கடைசியில் கைரேகை இயந்திரத்தில் விரல் விழாமல் திரும்பிய பாட்டிகள் எத்தனையோ பேர். களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரல்கள் அவை. கண்ணை வைத்துப் பார்க்கும் கருவி பிறகு வந்தது.

எங்கள் தெருவுக்கும் வண்டி வருகிறது. கடைசி வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பதை ஒட்டி. முன்பு மாதம் ஒருநாள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவார். போக அரைமணி, வரிசையில் ஒரு மணி, திரும்ப ஒரு மணி. வழியில் நாலு வீட்டில் உட்கார்ந்து எழுந்து, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று கேட்டுக்கொண்டு வருவார். இப்போது அரிசி வாசலுக்கு வந்துவிடுகிறது, கால் வலி மிச்சம். வண்டி வரும் நாளில் விடிந்ததும் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். வண்டி பதினொரு மணிக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். மூட்டையை இறக்கி வைக்கும் பையனிடம், “தண்ணி குடிச்சுட்டுப் போய்யா” என்கிறார். அவனுக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி.